கோட்டை போனது, கழி இருக்கிறது

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை உப்பளங்களையும் பக்கிங்காம் கால்வாயையும் உப்பங்கழியையும் தாண்டித்தான் கடலோரம் சேர்கிறது. மேற்கே கழியும் அதை ஒட்டி வெட்டிய கால்வாயும், கிழக்கே வங்கக் கடல், வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம், தெற்கே தொலைவில் பாலாறு கடலில் கலக்கும் இடம். நடுவில் கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரிசையாக அமைந்த ஒடுங்கிய மணல்திட்டு. ஏறக்குறைய ஒரு தீவு. மாமல்லபுரம் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கோவளத்தை மட்டும் அலைச்சறுக்குக்கும், 2021இல் கிடைத்த நீலக்கொடிச் சான்றுக்கும்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஊரின் வரலாற்றையும் அதைச் சூழ்ந்த கழியையும் பிரிக்காமல் ஒரே பாரம்பரியமாக அரசு அறிவிக்க வேண்டும்.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்டு துறைமுகத்து வணிகர்கள் 1719இல் கோவளத்தில் கால் ஊன்றினார்கள். சென்னையில் ஆங்கிலேயர், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர் என்று சோழமண்டலக் கரை பங்கு போடப்பட்டிருந்த நேரம் அது. 1722இல் வியன்னாவின் பேரரசர் ஆறாம் சார்லஸ் இவர்களின் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். தனக்குப் பின் மகள் மரியா தெரேசா பட்டமேறுவதை மற்ற நாடுகள் ஏற்க வேண்டுமே என்ற கவலையில், பிரிட்டனின் நெருக்குதலுக்குப் பணிந்து 1731இல் அதே கம்பெனியை அவரே கைகழுவினார். வியன்னா அரண்மனையின் வாரிசுச் சிக்கல் செங்கல்பட்டுக் கரையின் ஒரு மீனவ ஊருடைய தலையெழுத்தை மாற்றிய கதை இது; நம் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. பிறகு ஆற்காட்டு நவாபின் கோட்டை அங்கே எழுந்தது. 1750இல் பிரெஞ்சு மாலுமிகள் நோயாளிகளைப் போல நடித்து உள்ளே நுழைந்து, இரவில் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறது ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாறு. 1752இல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார், மதில்கள் தகர்க்கப்பட்டன.

கோட்டையே இல்லாத இடத்தில் எதைக் காப்பது என்று கேட்கலாம். துறைமுகம் என்பது மதில் மட்டும் இல்லை. அந்நாளில் இந்தக் கரையில் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிட்டன. மசூலா படகுகள்தான் அலையைக் கடந்து சரக்கைக் கொண்டு சேர்த்தன. கரையையும் கழியையும் முகத்துவாரத்தையும் சேர்த்துப் பார்க்காமல் கோவளம் ஏன் துறையானது என்று யாராலும் விளக்க முடியாது. கட்டடம் போனாலும் அந்த நில அமைப்பு இன்னும் கண்ணெதிரே இருக்கிறது. அந்நியக் கம்பெனிகளின் பெருமையை நாம் ஏன் பாட வேண்டும் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் பாடச் சொல்லவில்லை. அவர்கள் விலைபேசிய துணியை நெய்தவர்களும், அலைக்கு எதிராகத் துடுப்புப் போட்டவர்களும் நம் மக்கள். அந்தக் காலத்தை மறந்தால் முதலில் மறைவது இவர்களின் உழைப்புதான்.

பாரம்பரியம் என்று அறிவித்தால் மீனவர் பிழைப்பு கெடும் என்ற அச்சத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆகவே வலை, படகு, இறால், நண்டு, உப்பு ஆகிய தொழில்களுக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. கழியை மண் கொட்டித் தூர்ப்பதற்கும் கழிவுநீர் விடுவதற்கும்தான் தடை வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில்தான் கடலுக்குப் போகிறது. அங்கே அடைத்தால் பழைய மாமல்லபுரம் சாலையின் குடியிருப்புகளில் தண்ணீர் ஏறும். வரலாற்றை மீட்கவும் வழி உண்டு. ஆஸ்டெண்டு கம்பெனியின் ஆவணங்கள் ஆண்ட்வெர்ப் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கோவளம் பற்றிய தாள்களின் படிகளைத் தமிழகத் தொல்லியல் துறை கேட்டு வாங்கித் தமிழில் வெளியிடலாம். கழியின் எல்லையை அளந்து கல் நடும் வேலை அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வருவாய்த் துறை இந்த மழைக்காலத்துக்கு முன்பே அதைத் தொடங்கட்டும்.