ஏசி பம்ப் போச்சுன்னா பழைய காரை வித்துடணுமா?

வெண்ணந்தூர், ராசிபுரம் வட்டாரத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய பழைய மாருதி 800 நிற்கும். இல்லையென்றால் அம்பாசிடர். அப்பா ஆசையாக வாங்கியது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார். பொங்கலுக்கு டயர், தீபாவளிக்கு சீட் கவர் என்று வேலை நடக்கும். ஒருநாள் குடும்பத்தோடு கிளம்பினால், ஊர் எல்லை தாண்டியதும் வண்டி இருமி இருமி நின்றுவிடும்.

அன்று இரவே வீட்டில் பட்டிமன்றம்தான். "பேசாம எடைக்குப் போட்டுடலாம்ப்பா" என்பது ஒரு கட்சி. "ஓடற வண்டிய எதுக்குடா விக்கணும்?" என்பது எதிர்க்கட்சி. தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதுதான் பெட்ரோல் பம்ப்.

ஏசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!

நம் ஊர் மெக்கானிக்குகள் இதை 'ஏசி பம்ப்' என்பார்கள். காரே குளுகுளு வண்டி இல்லையே, இதில் ஏது ஏசி என்று குழம்ப வேண்டாம். ஏசி என்பது அமெரிக்காவின் பழைய உதிரிபாக பிராண்ட். அதைத் தொடங்கிய ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் முதலெழுத்துகள்தான் அவை. பிராண்டின் பெயரே பொருளுக்கும் பெயராகிவிட்டது.

இது வேலை செய்யும் விதம் தறிக்காரர்களுக்கு உடனே புரியும். விசைத்தறியில் டேப்பட் சுழன்று மிதியை அழுத்துகிறது அல்லவா? அதேபோல இன்ஜினின் கேம் ஷாஃப்ட் சுழலும்போது பம்பின் நெம்புகோலை அழுத்தும். அது உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுத்து விடும். அந்த அசைவில்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு கார்புரேட்டருக்குப் போகிறது. மின்சாரம் எதுவும் தேவையில்லை. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 முதலில் இந்த வகை பம்போடுதான் வந்தது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்புரேட்டர் வண்டிகளிலும் இதுதான். அந்தச் சவ்வு கிழிந்தால் கதை முடிந்தது.

பம்பைக் குறை சொல்லும் முன்...

வண்டி நின்றதும் "பம்ப் போச்சு" என்று முடிவுகட்டுவது நம் பழக்கம். செலவு குறைந்த சந்தேகங்களை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்ரோல் ஃபில்டர். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் துரு படிந்திருக்கும். அது நேராக வந்து அடைப்பது ஃபில்டரைத்தான்.

இரண்டாவது டேங்க் மூடி. அதில் காற்று போகும் வழி அடைத்துவிட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் திணறும். வண்டி நிற்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் ஓடத் தொடங்கினால் குற்றவாளி மூடிதான்.

மூன்றாவது, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ். இதில் விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமலே காற்று மட்டும் உள்ளே போகலாம். அதனால் கண்ணுக்குத் தெரியாது.

நான்காவது நம் சித்திரை வெயில். இன்ஜின் சூட்டில் பைப்பில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் அதைத் தள்ள முடியாது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தியதும் ஒழுங்காக ஓடினால் பம்ப் நன்றாக இருக்கவும் வாய்ப்புண்டு.

இவ்வளவும் சரியென்றால் பாட்டில் சோதனை. இன்ஜின் ஆறிய பிறகு இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டு விட்டு வேகமாகப் பீய்ச்சினால் பம்ப் ஆரோக்கியம். சொட்டுச் சொட்டாக வந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இந்த வாசம் வந்தால் ஓட்டாதீர்கள்

வண்டி நடுவழியில் நிற்பது தொந்தரவு மட்டும்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சவ்வு கிழிந்தால் பெட்ரோல் பம்பின் ஓட்டை வழியாக சூடான இன்ஜின் மேல் கசியலாம். தீப்பிடிக்க அது போதும். அல்லது, கசிவது வெளியே தெரியாமல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலில் கலக்கலாம். ஆயில் தண்ணீர்போல நீர்த்துப்போனால் பேரிங்குகள் தேய்ந்துவிடும். சின்ன பம்பில் முடிய வேண்டிய செலவு இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் அளவு கூடியிருந்தாலோ பக்கத்துத் தெருவுக்குக்கூட ஓட்ட வேண்டாம். புது பம்ப் போடும் அன்றே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

மாற்றும்போது...

திறந்தவெளியில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. ஒரு வாளி மணலாவது இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும். ஹோஸில் வாய்வைத்து பெட்ரோலை உறிஞ்சும் பழக்கமும் வேண்டவே வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாருதி 800-ல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸும் உண்டு. மாற்றி மாட்டினால் குழப்பம். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே தடித்த ஸ்பேசர் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அது சூட்டைத் தடுக்கும். நெம்புகோல் எவ்வளவு அசைய வேண்டும் என்பதையும் அதன் தடிமன்தான் முடிவு செய்யும். புது பம்ப் உட்கார மறுத்தால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். கேமின் மேடு நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கலாம். இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றிவிட்டால் தானாக உட்காரும்.

2000-ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ கார் என்றால் சமாச்சாரம் வேறு. அதில் பம்ப் டேங்குக்குள் இருக்கும் மின்சார மோட்டார். பைப்பில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும் என்பதால், வீட்டில் கழற்றாமல் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அந்த மோட்டாரைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்கள் கவனிக்க!

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

காரணம், பங்க்கில் நாம் போடும் பெட்ரோலே மாறிவிட்டது. 2022-ல் 10 சதவிகித எத்தனால் கலப்பை எட்டிய நாடு, 2025-ல் 20 சதவிகிதத்துக்கு வந்துவிட்டது. கரும்பு மட்டுமல்ல, நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகும் மக்காச்சோளமும் எத்தனாலுக்குப் போகிறது. எத்தனால் பழைய வகை ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்கில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது.

அதனால் 20 வருடமாகக் கடை அலமாரியில் தூங்கிய 'ஒரிஜினல்' பம்ப் கிடைத்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். அதன் ரப்பருக்கும் 20 வயது! புதிதாகத் தயாரான, இ20 பெட்ரோலைத் தாங்கும் பம்பா என்று கேட்டு வாங்குங்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் கையோடு மாற்றிவிடுங்கள். ஓட்டாத வண்டியையும் 15 நாளுக்கு ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

சரி, பட்டிமன்றத் தீர்ப்பு? சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டையாகி, எஃப்சிக்கே தேறாத வண்டி என்றால் மகன் கட்சி ஜெயிக்கட்டும். இன்ஜினும் பாடியும் நன்றாக இருந்து, பம்ப் மட்டும்தான் பிரச்னை என்றால் அப்பா சொல்வதே சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிகிற வேலைக்காக வண்டியை எடைக்குப் போட வேண்டாம்.

அடுத்த வாரம்: கார்புரேட்டரைக் கழுவுவது எப்படி, எதைத் தொடவே கூடாது?