ஐம்பதாவது ஆள் எவ்வளவு வாங்குகிறான்?

"ஐ.டி.லயா இருக்க? அப்ப மாசம் லட்ச ரூபா வரும்ல?" கல்யாண வீட்டில் இப்படிக் கேட்பவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கல்லூரி பேனரில் சிரிக்கும் ஒரு முகத்தையும், கீழே 'ஆண்டுக்கு 60 லட்சம்' என்பதையும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

அந்த 60 பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போடுவோம். வேலைக்குப் போகும் 100 பேரில் 90 பேருக்கு 3.5 லட்சம், 9 பேருக்கு 8 லட்சம், ஒருவருக்கு 60 லட்சம். சராசரி ஏறக்குறைய 4.5 லட்சம். அதாவது 90 பேர் சராசரிக்குக் கீழே! வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் மீடியன், பள்ளியில் 'இடைநிலை அளவு' என்று படித்தோமே, அது. இங்கே அது 3.5 லட்சம். பேனரில் ஏறுவதோ அந்த ஒருவர்.

கணக்கு கற்பனை, 3.5 கற்பனையில்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சத்துக்கு ஆஃபர் தந்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. பெரிய சர்வீஸ் கம்பெனிகளின் தொடக்கச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக 3, 3.5 லட்சத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. வாடகை அப்படி நிற்கவில்லை. அதிலும் இது சி.டி.சி. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு, பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும் கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் அடக்கம்.

மீடியன் கல்லூரிகளுக்குத் தெரியாதா? என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு அவர்கள் கொடுக்கும் விவரத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. கல்லூரி இணையதளத்தின் ஏதோ மூலையில் பி.டி.எஃப்.பாகத் தூங்கும். அதுவும் வேலை கிடைத்தவர்களின் மீடியன்தான். கிடைக்காதவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை.

பேனரை நம்பி அப்பா கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார். 3.5 லட்சத்தில் சேர்ந்த பையனோ தன்னைத் தோற்றவன் என்று நினைத்து, சம்பளத்தைச் சொந்த வீட்டிலேயே கூட்டிச் சொல்கிறான். உண்மையில் அவன் பெரும்பான்மை. இதில் நாமும் உடந்தை. 'சம்பளத்த யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று ஹெச்.ஆர். சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வாய் மூடியிருக்கிறோம். நாம் பேசாத இடத்தில் பேனர் பேசுகிறது.

தம்பி தங்கையைக் கல்லூரியில் சேர்க்கப் போனால் 'ஹையஸ்ட் பேக்கேஜ்' எவ்வளவு என்று கேட்காதீர்கள். 100 பேரில் ஐம்பதாவது ஆள் எவ்வளவு வாங்குகிறான், எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை என்று கேளுங்கள். அப்படியே, உங்கள் முதல் சம்பளத்தையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.