எஞ்சியது எவ்வளவு?

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில், லட்சுமி வராகர் கோயிலைச் சார்ந்து பெரிய குளம் ஒன்று உள்ளது. அத்தகைய குளத்தில் கோடையின் முதல் மாதம் கால் பங்கு நீர் வற்றியது என்றும், மறு மாதமும் கால் பங்கு வற்றியது என்றும் கொள்வோம். எஞ்சிய நீர் எவ்வளவு? பாதி என்பது பலர் உடனே கூறும் விடை. அது சரியாகவும் இருக்கலாம்; தவறாகவும் இருக்கலாம்.

மறு மாதம் வற்றியது முழுக் கொள்ளளவில் கால் பங்காயின் எஞ்சுவது பாதியே. அவ்வாறன்றி, அப்போது இருந்த நீரில் கால் பங்காயின், முக்காலில் முக்கால், அதாவது பதினாறில் ஒன்பது பங்கு எஞ்சும். வேறுபாடு ஒரு வீசமே. ஆயினும் நான்கு மாதங்கள் இவ்வாறு தொடர்ந்தால், முதற் கணக்கின்படி குளம் முற்றும் வறண்டு விடும். இரண்டாம் கணக்கின்படி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர் நிற்கும். ஆகவே, ‘எவ்வளவு பங்கு?’ என்பதோடு ‘எதில் பங்கு?’ என்பதையும் கேளாதவரை கணக்குத் தொடங்கியதாகவே ஆகாது.

இந்த வேறுபாட்டை நம் நாட்டுக் கணித அறிஞர் பண்டே உணர்ந்திருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீராசாரியர் இயற்றிய ‘கணித சார சங்கிரகம்’, முழுமையின் பங்குகளைப் பற்றிய கணக்குகளைப் ‘பாகம்’ என்றும், மீதத்தின் பங்குகளைப் பற்றியவற்றைச் ‘சேஷம்’ என்றும் தனித்தனி வகைகளாக்கியது. அந்நூலை எம். ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னை அரசாங்கம் 1912-இல் வெளியிட்டது.

திருவிதாங்கூரில் மெட்ரிக் அளவைகள் வருவதற்கு முன், பத்து இடங்கழி ஒரு பறை. நான்கு நாழி ஓர் இடங்கழி. ஒரு பறை அரிசியில், அதாவது நாற்பது நாழியில், முதலில் கால் பங்கும், பின்னர் மீதத்தில் மூன்றில் ஒரு பங்கும் செலவாயின் இருபது நாழி எஞ்சும். பின்னதையும் முழுப் பறையில் மூன்றில் ஒன்றாகக் கொண்டால், பதினாறே முக்கால் நாழிக்கும் சற்றுக் குறைவாகவே எஞ்சும். மாதக் கடைசியில் இல்லத்தரசிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இயற்கையிலும் இவ்விருவகை நிகழ்ச்சிகளும் உண்டு. குளத்து நீர் ஆவியாவது வெயிலையும் காற்றையும் நீர்ப்பரப்பையும் பொறுத்தது. அடியில் எவ்வளவு நீர் உள்ளது என்பதை அது பொருட்படுத்துவதில்லை. ஆகையால் செங்குத்தான கரையுடைய குளத்தில், வெயிலும் காற்றும் மாறாதவரை, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு நீரே குறையும். கதிரியக்கப் பொருள்களோ மீதத்தின் விதிக்கு உட்பட்டவை. தைராய்டு நோய்ச் சிகிச்சையில் பயன்படும் அயோடின்-131 என்பதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய எட்டு நாட்கள். எட்டு நாட்களில் பாதி அழிந்ததாயின் பதினாறு நாட்களில் முழுதும் அழியும் என எண்ணுதல் பிழை. உடலினின்று கழிவாக வெளியேறுவதைக் கணக்கில் கொள்ளாவிடின், பதினாறாம் நாளில் கால் பங்கும், இருபத்து நான்காம் நாளில் அரைக்கால் பங்கும், முப்பத்திரண்டாம் நாளில் ஒரு வீசமும் எஞ்சியிருக்கும். இங்கு ‘எதில் பாதி?’ என்று கேளாமை, பாதுகாப்புக்கு உரிய நாட்களைக் குறைத்து மதிப்பிடச் செய்யும்.

பின்னங்களைக் கூட்டி ஒன்றிலிருந்து கழிக்கும் முறையை மாணாக்கர் எளிதில் மனனம் செய்வர். மீதத்தின் பங்கு எனின் எஞ்சிய பின்னங்களைப் பெருக்க வேண்டும் என்பதையும் அவ்வாறே மனனம் செய்வர். எவ்விடத்தில் எதைக் கையாள்வது என்னும் தெளிவோ மனனத்தால் வருவதன்று. ஆசிரியர் ஒரே கணக்கை இருவகையாகவும் அமைத்து, விடை காணுமுன் ‘எதில் பங்கு?’ என்பதை மாணாக்கரே சொல்லும்படி செய்தல் வேண்டும். விடைக்கு மட்டுமன்றி இக்கேள்விக்கும் மதிப்பெண் அளித்தல் தகும். அரிசிப் பானையாயினும் அணுவாயினும், எஞ்சியதை அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.