கூதிர்காலத்து மனைத்தோட்டம்

பூக்களின் காலம் எது என்று வினவினால், இளவேனில் என்றே பலரும் விடையிறுப்பர். மாமரம் தளிர்ப்பதும், வேம்பு பூப்பதும், மல்லிகை மணப்பதும் அப்பருவத்தில் ஆதலின், அவ்விடை பிழையன்று. ஆயினும், இளவேனில் கழிந்தபின் தோட்டத்தில் காண்பதற்கு ஒன்றுமில்லை என்று கருதுவது பெரும்பிழை. ஐப்பசித் திங்களின் தொடக்கத்தில், விடியற்காலையில் கொல்லைக் கதவைத் திறந்து பார்ப்பவர் ஒருவரும் அவ்வாறு கருதார்.

நம் முன்னோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். குளிர் நாடுகளில் இக்காலம் இலையுதிர்காலம் ஆகும். அங்கு மரங்கள் வெறுங்கிளைகளாய் நிற்கத் தொடங்கும். நம் நாட்டிலோ இது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களிலேயே பெய்கின்றது. ஆகவே, பிற நாட்டார் தோட்டக் கருவிகளைத் துடைத்து உள்ளே வைக்கும் வேளையில், நம் தோட்டங்கள் புத்துயிர் பெறுகின்றன.

இலக்கண நூலார் பூக்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகைப்படுத்துவர். எங்கள் கொல்லை மிகச் சிறியது. நான்கு கட்டில்கள் இடக்கூடிய அளவே இருக்கும். அதனுள் இந்நால்வகையும் இன்று பூத்திருக்கின்றன. வேலியோரத்தில் நிற்கும் பவழமல்லி கோட்டுப்பூ. அது மாலை மயங்கியபின் மலர்ந்து, பொழுது புலரும்போது உதிர்கின்றது. வெள்ளிய இதழும் பவழம் போன்ற காம்பும் உடைய அப்பூக்கள் ஈரமண்ணில் கிடப்பது காணத்தக்கது. உலர்த்திய அக்காம்பினைக் கொண்டு முற்காலத்தில் துணிக்குக் காவி நிறம் ஏற்றினர். பந்தலில் படர்ந்த அவரையும் பீர்க்கும் கொடிப்பூ. கனகாம்பரமும் சாமந்தியும் நிலப்பூ. கிணற்றருகில் உள்ள கல்தொட்டியில் ஓர் அல்லி உண்டு, அது நீர்ப்பூ. அந்திமந்தாரையும் ஒரு மூலையில் தானே முளைத்து நிற்கின்றது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. எனினும், தமிழ்ப் பெயர் பூண்டு நம்மோடு உறவாகிவிட்டது.

இவற்றுள் சில இக்காலத்தில் பூப்பதற்கு மழை மட்டுமே காரணம் அன்று. சென்னையில் ஆனித் திங்களில் பகற்பொழுது ஏறத்தாழ 13 மணி நேரம் நீள்கின்றது. மார்கழியில் அது ஏறத்தாழ 11½ மணி நேரமாகக் குறைகின்றது. இச்சிறு வேற்றுமையைச் சில செடிகள் உணர்கின்றன. சாமந்தியும், அவரையில் பல வகைகளும், பகல் குறுகி இரவு நீண்ட பின்னரே அரும்பு கட்டும். செடிகள் பகலிரவின் அளவை அறிந்து பூக்கின்றன என்னும் உண்மையைக் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1920-ஆம் ஆண்டில் ஆய்ந்து வெளியிட்டனர். அதன் காரணம் அறியாவிடினும், ஆடியில் விதைத்த அவரை இன்ன திங்களில் பூக்கும் என்பதை நம் உழவர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். அவர்கள் தாம் கண்டதை நம்பினர்.

அங்ஙனம் கண்டதை நம்பாது ஏட்டை மட்டுமே நம்பி, நான் செய்த தவறொன்றை இங்குக் கூறுதல் வேண்டும்.

முப்பதாண்டுகட்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். ஒரு நாள் நெடுநல்வாடையைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். கூதிர்காலத்தில் வெண்ணிற முசுண்டையும் பொன்னிறப் பீர்க்கும் பூத்திருத்தலை நக்கீரர் அந்நூலில் காட்டுகிறார். நான் அதனை விளக்கும் ஆர்வத்தில், "பீர்க்கு, காலைக் கதிரவனைக் கண்டு மலரும் பூ" என்று கூறிவிட்டேன். பின் வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டுப் பீர்க்கு மாலையில்தான் மலர்கிறது" என்றான். மாணவர் சிலர் நகைத்தனர். எனக்குச் சினம் மூண்டது. "உன் வீட்டுக் கொடியைப் பற்றி இங்கு யார் கேட்டார்? பாடத்தைக் கவனி" என்று கடிந்து அவனை உட்காரச் செய்தேன். அதன்பின் அவன் என் வகுப்பில் வினா எழுப்பியதே இல்லை.

பணி ஓய்வு பெற்ற பின்னர்தான் நான் முதன்முறையாகப் பீர்க்கு விதை ஊன்றினேன். கொடி படர்ந்தது, அரும்பு கட்டியது. ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் பந்தலடியில் நின்றேன். அரும்புகள் ஒவ்வொன்றாக இதழ் விரித்தன. அம்மாணவன் கூறியது உண்மை. நான் கூறியது பொய். அவன் இப்பொழுது எங்குள்ளானோ அறியேன். ஐப்பசி மாலைதோறும் அப்பூக்களைக் காணும்போது அவன் முகமே நினைவுக்கு வருகின்றது.

ஒரு மொழியின் சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்வன அல்ல. அச்சொற்கள் குறிக்கும் பொருள்களோடு சேர்ந்தே வாழ்வன. அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ என்று ஒரு பூவின் நிலைகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டது தமிழ். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை அடுக்கினார். இப்பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் மாணவர், பவழமல்லியின் கீழ் நின்று, மலர்ந்தது எது, வீழ்ந்தது எது என்று ஒரு முறையேனும் காணாராயின், அவர் கற்றது ஒலியை மட்டுமே. அப்பிழை அவருடையது அன்று, காட்டாத பெரியோருடையது.

இந்நாளில் மனை வாங்குவோர் பலர், ஓரடி மண்ணும் புலப்படாதவாறு சிமெண்டால் மூடிவிடுகின்றனர். செடி இருந்தால் கொசு வரும், பாம்பு வரும், குப்பை சேரும் என்பது அவர்கள் கூறும் காரணம். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். எறிந்த கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரை அகற்றினால் அதன் பெருக்கம் குறையும். அல்லித் தொட்டியில் சிறு மீன்களை விட்டால் அவை புழுக்களை உண்டுவிடும். புதர் மண்டாமல் தூய்மை செய்தால் பாம்பச்சம் குறையும். உதிர்ந்த இலை குப்பையன்று, எரு. மேலும், மழைநீர் நிலத்தினுள் இறங்க வேண்டும் என்பதற்காகவே 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. முற்றத்தை முழுதும் மூடிவிட்டு, பெய்த மழை தெருவில் ஓடுகிறதே என்று வருந்துவதில் பொருள் உண்டோ?

மண்ணில்லா மாடி வீட்டில் வாழ்வோரும் உளர். அவர்களுக்கு ஒரு தொட்டி மண் போதும். அதில் கனகாம்பரமோ சாமந்தியோ வளரும்.

மாணவர்களே, இவ்வைப்பசியில் உங்கள் வீட்டிலோ, அண்டை வீட்டிலோ, பள்ளித் தோட்டத்திலோ பூத்துள்ள பூக்களைச் சென்று காணுங்கள். எது காலையில் மலர்கிறது, எது மாலையில் மலர்கிறது என்று குறித்து வையுங்கள். பூக்கள் அனைத்தையும் பறித்துவிடாதீர்கள். பீர்க்கின் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்கு மகரந்தம் சென்றால்தான் காய் உண்டாகும். வண்டுக்கும் தேனீக்கும் அங்கே வேலை உண்டு. நீங்கள் கண்டது நூலில் உள்ளதற்கு மாறாக இருப்பின், அஞ்சாமல் எழுந்து ஆசிரியரிடம் பணிவுடன் கூறுங்கள். அவர் உங்களோடு வந்து அக்கொடியைக் காண்பாராயின், அவரே நல்லாசிரியர். அன்று நான் அவ்வாறு சென்றேனல்லேன்.