ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி இங்க செல்லாது

ஒரு சின்ன கணக்கு. 2% லிக்னோகெயின் ஊசி மருந்து 15 மில்லி எடுக்கிறோம். அதுல எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கு? மனசுக்குள்ளயே போடுங்க.

விடை 300. 2% என்றால் 100 மில்லியில் 2 கிராம், அதாவது ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். என் பெஞ்ச்லயே ரெண்டு பேர் 30ன்னு சொன்னாங்க. நமக்கு இது விளையாட்டு. கை ஆபரேஷனுக்கு மரத்துப்போக ஊசி போடுற டாக்டருக்கு இது தினசரி வேலை.

கைக்குப் போற நரம்புகள் கழுத்தில் 5 வேர்களாகக் கிளம்பி, காரை எலும்புக்குக் கீழே போய் அக்குளுக்கு வரும். இந்தக் கொத்துக்குப் பேர் பிரேக்கியல் ப்ளெக்ஸஸ். இதைச் சுத்தி மருந்து போட்டா கை மட்டும் பல மணி நேரம் மரத்துப்போகும். ஆள் முழிச்சிருக்கும்போதே எலும்புக்கு ப்ளேட் வைக்கலாம். முழு மயக்கம் தாங்காத நோயாளிகளுக்கு இது பெரிய வரம்.

சிக்கல் அளவில்தான். நாம பாலம் டிசைன் பண்ணும்போது லோடு சரியா தெரியலன்னா கம்பியைக் கூட்டுவோம். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. இங்க அது தலைகீழ். மருந்து கூடி ரத்தத்தில் கலந்தால் உதடும் நாக்கும் மரக்கும், காதில் இரைச்சல் கேட்கும், வலிப்பு வரும். பியூபிவக்கெயின் மாதிரி மருந்தென்றால் இதயமே நின்னுபோகலாம்.

பியூபிவக்கெயினுக்குப் பல புத்தகங்கள் சொல்ற உச்ச அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம், சிலர் 2.5 வரை போவாங்க. 50 கிலோ ஆளுக்கு 2 என்று வெச்சா 100 மில்லிகிராம். 0.5% மருந்தில் அது வெறும் 20 மில்லி. ஆனா ஊசி முனை எங்க இருக்குன்னு கண்ணால பார்க்க முடியாத காலத்தில் 30, 40 மில்லி போடுறது சாதாரணம். எங்கேயாவது நரம்பைத் தொட்டுடும் என்ற நம்பிக்கைதான். அதே 50 கிலோ ஆளுக்கு 40 மில்லி என்றால் 200 மில்லிகிராம், உச்ச அளவு மாதிரி ரெண்டு மடங்கு.

இதை மாத்தினது புது மருந்து இல்ல, அல்ட்ராசவுண்ட். 2008-ல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், தோள்பட்டை ஆபரேஷனுக்குக் கழுத்தில் 20 மில்லி போட்டவங்களுக்கும் 5 மில்லி போட்டவங்களுக்கும் வலி ஒரே அளவுதான் குறைஞ்சது. ஆனா மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தின் ஒரு பக்கம், 20 மில்லி போட்ட எல்லாருக்கும் செயலிழந்தது. 5 மில்லியில் 45% பேருக்குத்தான். முனை எங்க இருக்குன்னு தெரிஞ்சதும் அளவு தானா குறைஞ்சிடுச்சு.

என் வாதம் இதுதான்: இங்க பாதுகாப்பு என்பது சந்தேகத்தைக் குறைக்கிறது. பாதி வேலையை அல்ட்ராசவுண்ட் முடிச்சிருச்சு. மீதி பாதி ரொம்ப மலிவானது, அதைத்தான் நாம கண்டுக்கல.

ஒண்ணு, லேபிள். சதவீதம் பெரிய எழுத்தில் கண்ணில் படுது. டாக்டருக்குத் தேவையான மில்லிகிராமைத் தேடணும், இல்ல மனசில் பெருக்கணும். ரெண்டு மருந்தைக் கலந்தா கணக்கு இன்னும் மோசம். ஒண்ணோட உச்ச அளவில் பாதியைப் போட்டா, இன்னொண்ணிலயும் பாதிதான் மிச்சம். அட்ரினலின் தனி ஊசி மருந்து லேபிளில் 1:1000 என்று விகிதம் போடுறதை 2016-ல் அமெரிக்கா நிறுத்தி, மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று மாத்திடுச்சு. அப்போ இது முடியாத காரியம் இல்ல.

ரெண்டு, எடை. கை உடைஞ்சு ஸ்ட்ரெச்சரில் வர்றவரை யார் தராசில் ஏத்துவாங்க? பார்த்து ஒரு குத்துமதிப்பு. 50 கிலோவை 65 என்று நினைச்சா 30 மில்லிகிராம் கூடிடும். நச்சானால் காப்பாத்தக் கொடுக்கிற 20% கொழுப்புக் கரைசலின் அளவுக்கும் எடைதான் வேணும்.

"டாக்டர்களுக்குக் கணக்கு தெரியாதா?" என்று கேட்கலாம். நல்லாவே தெரியும். ராத்திரி 2 மணிக்கு, நாலாவது கேஸில், தெரிஞ்ச கணக்கும் தப்பும். இன்னொரு நியாயமான கேள்வி: ஊசி நேரா ரத்தக்குழாய்க்குள்ள போனா கொஞ்ச மருந்தே ஆபத்தாச்சே? உண்மை. அதனாலதான் பின்னால இழுத்து ரத்தம் வருதான்னு பார்த்து, சில மில்லியாகப் போடுறாங்க. லேபிளும் தராசும் அந்த ஆபத்தைத் தடுக்காது. ஆனா மத்த ஆபத்தைத் தெரிஞ்சே விட்டுவைக்க அது காரணம் இல்ல.

ப்ராஜெக்ட் டைட்டில் தேடி அலையுற மூணாவது வருஷத் தம்பி தங்கைகளே, ஆறாவது ஸ்மார்ட் டஸ்ட்பின்னை விடுங்க. ஸ்ட்ரெச்சர் சக்கரத்துக்கு மேல நாலு லோட் செல், ஒரு திரை. எடையைக் காட்டணும். மருந்தையும் செறிவையும் தேர்ந்தெடுத்தா அதிகபட்சம் எத்தனை மில்லி என்பதையும் காட்டணும். எண் சரியான்னு ஒரு மயக்க மருந்து டாக்டரோட உட்கார்ந்து சரிபார்த்துட்டு ரிவ்யூவுக்கு வாங்க.