ஒரே கதீட்டர், இரண்டு எண்கள்

அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு வரும் பில்லில் ஒரு வரி எரிச்சலூட்டும். மயக்க மருத்துவர் மயக்கம் கொடுத்ததற்கு ஒரு தொகை. அதன் கீழே, கழுத்துச் சிரையில் சென்ட்ரல் லைன் என்னும் கதீட்டரைப் போட்டதற்கு 36556 என்ற கட்டண எண்ணில் இன்னொரு தொகை. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணமா? பெரும்பாலும் இல்லை.

மயக்கக் கட்டணம் அலகுகளில் கணக்காகிறது. பம்ப் வைத்துச் செய்யும் பைபாஸுக்கான மயக்க எண் 00567. அதன் அடிப்படை 18 அலகு. 15 நிமிடத்துக்கு ஓர் அலகு என்று நேரமும் சேரும்: நான்கு மணி நேரம் ஆனால் 16. ஆக மொத்தம் 34. அதை ஓர் அலகின் விலையால் பெருக்குகிறார்கள். அரசுக் காப்பீடான மெடிகேர் தருவது அலகுக்கு ஏறத்தாழ 20 டாலர். தனியார் காப்பீட்டில் இது வெகுவாகக் கூடும்.

இசிஜி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் கண்காணிப்பது அந்த 18-க்குள்ளேயே அடக்கம். சென்ட்ரல் லைன் அடங்காது. மயக்கம் பெறும் எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. போடும்போது நுரையீரலில் ஊசி பட்டுவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் அது தனி வேலை, தனிக் கட்டணம். இந்தப் பிரிப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

குழப்பம் தருவது 00532. இதுவும் சென்ட்ரல் லைன் தொடர்பான எண்தான். ஆனால் வேறொரு மருத்துவர் கதீட்டர் போட, அதற்காக மயக்கம் மட்டும் கொடுத்தவருக்கு உரியது. தானே லைன் போட்டவர் அதே லைனுக்கு 36556-ஐயும் 00532-ஐயும் சேர்த்துப் போட்டிருந்தால் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

வேறு இரண்டு இடங்களிலும் கண் வைக்கலாம். அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டதாக 76937 இருந்தால், ஊசி சிரைக்குள் போவதை நேரலையாகப் பார்த்த குறிப்பும் சேமித்த படமும் கோப்பில் இருந்தாக வேண்டும். படம் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு இடமில்லை. அடுத்தது நேரம். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே லைன் போட்டிருந்தால் அந்த நிமிடங்களை மயக்க நேரத்தில் சேர்க்கக் கூடாது. இந்த வழியிலும் இரட்டைக் கட்டணம் நுழையலாம். பில்லை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. மருத்துவமனையிடம் மயக்கப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, லைன் போட்ட நேரத்தையும் மயக்கம் தொடங்கிய நேரத்தையும் ஒப்பிட வேண்டும்.