டெலோமியரும் வாராக்கடனும்

போன வாரம் வகுப்பில் செமினார். பற்றாக்குறையான பொருளை யாருக்குப் பங்கிடுவது என்று தலைப்பு. நண்பன் ஒருவன் (பி.காம் முடிக்கவே இல்லை, அதற்குள் ஃபண்ட் மேனேஜர் நினைப்பு) மாற்று நுரையீரலை உதாரணமாக எடுத்துக்கொண்டான். டெலோமியர் குட்டையாக இருக்கும் நோயாளிகள் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் செத்துப்போகிறார்களாம். அவர்களுக்கு நுரையீரல் கொடுப்பது வாராக்கடன் கொடுப்பது மாதிரியாம். ரத்தத்தைச் சோதித்துவிட்டு காத்திருப்போர் பட்டியலிலிருந்தே தூக்கிவிட வேண்டுமாம். வகுப்பே கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையில் பேச நமக்கு வராது, அதனால் இந்தப் பதிவு.

டெலோமியர் என்பது குரோமோசோமின் முனையில் தொப்பி மாதிரி இருக்கும் டிஎன்ஏ. செல் பிரியப் பிரிய கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நம்ம பாஷையில் தேய்மானம். டெலோமரேஸ் என்ற என்சைம் அதை ஈடுகட்டும். இந்த விஷயத்துக்குத்தான் 2009-ல் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த என்சைமின் மரபணுவில் கோளாறு இருந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும் பல்மனரி ஃபைப்ரோசிஸ் வரலாம் என்று 2007-ல் தெரிந்தது. கவனியுங்கள்... எந்தத் தேய்மானம் இவர்களை இந்த வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தியதோ, அதையே காரணம் காட்டி வரிசையிலிருந்து தள்ளச் சொல்கிறான் நம்ம ஆள்.

அவன் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்றில், டெலோமியர் ரொம்பக் குட்டையாக இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள், புது நுரையீரலும் சீக்கிரம் கெட்டுப்போனது. ஆனால் மொத்தம் எத்தனை பேர்? 82. அதில் குட்டை டெலோமியர்காரர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. இத்தனை பேரை வைத்து நாட்டுக்கே கொள்கை எழுதலாமா? ஆடிட்டிங் பாடத்தில் சாம்பிள் என்று ஒரு சாப்டர் இருக்கிறது, அன்றைக்கு அவன் கிளாஸுக்கு வரவில்லை போல.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. அந்த 82 பேருமே நுரையீரல் கிடைத்தவர்கள். கிடைத்தவரைக் கிடைத்தவரோடு ஒப்பிட்டால் யார் கொஞ்சம் முந்தி, யார் கொஞ்சம் பிந்தி என்பது தெரியும், அவ்வளவுதான். கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதிலே இல்லை. காரணம் தெரியாத ஃபைப்ரோசிஸ் வந்தவர்களில் பாதிப்பேர் நோய் கண்டுபிடித்த மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் போய்விடுகிறார்கள். மாற்று நுரையீரல் வரிசைக்கு வருகிறவர் அந்தக் காலத்தில் ஒரு பகுதியை ஏற்கனவே கழித்தவர். வாராக்கடன் என்கிறானே, எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிய தொகையை எழுதாமலே பேலன்ஸ் ஷீட்டை டாலி பண்ணிவிட்டான்!

2014-ல் இன்னொரு கட்டுரை. டெலோமரேஸ் மரபணுக் கோளாறு உள்ள 8 பேர், ஆஸ்திரேலியா, ஸ்வீடன், அமெரிக்காவில் மாற்று நுரையீரல் பெற்றவர்கள். கட்டுரை எழுதும்போது 7 பேர் உயிரோடு இருந்தார்கள். இதுவும் சின்னக் கணக்குதான், இதை வைத்து நானும் குதிக்க முடியாது. ஆனால் அதில் ஒரு தகவல் இருக்கிறது: எட்டுப் பேருக்குமே மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. பாதிப்பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மருந்தை மாற்றியது ஏனென்றால், தொப்பி குட்டையானவருக்கு எலும்பு மஜ்ஜையும் பலவீனமாக இருக்கலாம். புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் மைகோஃபீனோலேட், வைரஸுக்குக் கொடுக்கும் வால்கான்சைக்ளோவிர் இரண்டுமே ரத்த அணுக்களைக் குறைக்கக்கூடியவை. முன்னாடியே தெரிந்தால் டாக்டர் அளவைப் பார்த்துக் கொடுப்பார், ரத்தத்தை அடிக்கடி சோதிப்பார். டெஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரிசல்ட் மருந்து எழுதுகிறவர் மேஜைக்குப் போகட்டும், பட்டியலிலிருந்து பெயர் அடிக்கிறவர் மேஜைக்கு வேண்டாம் என்கிறேன்.

கடைசியாக ஒன்று. நுரையீரலைக் கொடுத்தவரின் டெலோமியர் குட்டையாக இருந்தாலும் பலன் குறைகிறது என்று 2017-லேயே எழுதியிருக்கிறார்கள். தேய்மானம் சரக்கிலும் இருக்கலாம் இல்லையா? இதை நண்பனிடம் கேன்டீனில் கேட்டேன். டீயை உறிஞ்சிக்கொண்டே, "அப்போ ரெண்டு பக்கமும் டிஸ்கவுண்ட் பண்ணணும்டா" என்றான். திருந்துவான் என்ற நம்பிக்கை எனக்கில்லை. நாளைக்கு காஸ்டிங் இன்டர்னல் வேறு, இன்னும் புத்தகத்தையே திறக்கவில்லை. வர்ட்டா.